சிங்கம் பார்க்க வந்த மாமியார்

நாரோக் ஊரில் சிமியுவைத் தெரியாதவர் இல்லை. வெள்ளைக்காரக் கூட்டத்தை மாராக் காட்டுக்குள் அழைத்துப் போய்ச் சிங்கம் காட்டுவது அவன் பிழைப்பு. எந்த வேளையில் எந்தப் புதரடி, எந்த வழியில் சேறு, வயசானவர்கள் எங்கே இறங்கி ஒதுங்கலாம் என்பதுவரை முன்கூட்டியே திட்டம் போட்டுவிடுவான். அப்பேர்ப்பட்டவனையே தூக்கம் தொலைக்க வைத்தது ஒரு பயணம். வரப்போவது மாமியார்!

நலியாகா அம்மாள் லேசுப்பட்டவர் அல்ல. பெண் கேட்டுப் போன அன்றே, "மிருகத்தை வேடிக்கை காட்டுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டவர். நேரில் கேட்க முடியாது. அவர்களுடைய புக்குசு சனங்களிடம் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசுவது, கை கொடுப்பது, சேர்ந்து சாப்பிடுவது எல்லாம் ஆகாத காரியம். கல்யாணமாகிப் பதினாலு வருடம் ஓடிவிட்டது; அந்தக் கேள்வி மட்டும் சிமியுவின் நெஞ்சில் முள்ளாகவே நின்றது. இந்தமுறை பதில் சொல்லியே தீருவது என்று இருந்தான்.

"ஜீப்புக்கு நடுவுல திரை கட்டிடலாமா நெக்கேசா?" என்றான் மனைவியிடம்.

"அம்மா சிங்கத்தைப் பார்க்க வர்றாங்களா, திரையைப் பார்க்க வர்றாங்களா?"

"அப்ப கிப்லகாட் தனியா கூட்டிட்டுப் போகட்டும்."

"உங்க சிநேகிதரா? எருமையைக் காட்டி யானைம்பாரு! நீங்க வேலை செய்யறதைத்தானே அம்மா பார்க்கணும்."

கடைசியில் இரண்டு ஜீப் என்று முடிவாயிற்று. முன்னால் சிமியு தனியாக. பின்னால் கிப்லகாட் ஓட்ட, தாயும் மகளும். சிமியு வயர்லெஸ்ஸில் சொல்லச் சொல்ல அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். தப்பித்தவறியும் மாமியார் முகம் தெரியக் கூடாதென்று, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டான். இவ்வளவும் யோசித்தவன் ஒன்றை மறந்தான். காட்டிலுள்ள ஓட்டுநர்கள் அத்தனை பேரும் கேட்கிற பொது அலைவரிசையிலேயே பேசினான், பாவி மனுஷன்!

"நெக்கேசா, அத்தைகிட்ட சொல்லு, இடது பக்கம் ஒட்டகச்சிவிங்கி. அத்தைக்கு வெயில் அடிக்குதான்னு கேளு."

"யாருடா அது அத்தை?" என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

"சிமியுவோட மாமியாரு காட்டுக்கு வந்திருக்காங்கடோய்!" என்றது இன்னொன்று. சிமியுவுக்குக் காது சுட்டது.

மத்தியானம் சாய்ந்தது, சிங்கம் மட்டும் கண்ணில் படவில்லை. அவனுடைய வழக்கமான புதரடிகள் எல்லாம் வெறிச்சோடிக் கிடந்தன. மானம் கப்பலேறப் போகிறதே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான், சிங்கத்தைக் கண்டால் யாரிடமும் மூச்சுவிடாத ஒரு போட்டிக்காரன் கூப்பிட்டான்.

"டேய் சிமியு, ஆத்து வளைவுக்கு வா. பெரிய ஆண் சிங்கம். அத்தைக்காகத்தான் சொல்றேன், உனக்காக இல்ல."

பறந்தார்கள். அத்திமரத்தடியில் பிடரி மயிரை விரித்துப் படுத்திருந்தது சிங்கம். அதன் முகத்து வடு எந்தச் சண்டையில் வந்தது, அதன் குட்டிகள் எங்கே, ஏன் இந்த நிழல்தான் அதற்குப் பிடிக்கும் என்று சிமியு ஆசை ஆசையாகச் சொல்லி முடித்தான். அத்தைக்குப் பிடித்ததா, இல்லையா? திரும்பிப் பார்க்கவும் வழியில்லை. கண்ணாடியில் மேகம்தான் தெரிந்தது.

வயர்லெஸ் கரகரத்தது. "அம்மா, பொத்தானை விட்டுடாதீங்க" என்று நெக்கேசாவின் குரல். பிறகு அந்தப் பழைய குரல், முதல்முறையாக அவனிடமே பேசியது.

"மாப்பிள்ளை, முகம் பார்க்காமத்தானே பேசறேன், குத்தமில்ல. அன்னிக்கு நான் கேட்டது தப்புப்பா. இது நல்ல வேலைதான்."

சிமியு பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் காட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் முரட்டுக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

"சரிங்க அத்தை!"