பத்து மீட்டர் நடைவழி

திண்டிவனத்தில் எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளமானது. வாசலறை, கூடம், சமையலறை, அதைத் தாண்டித் துணி துவைக்கும் இடம். எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தால் வாசலறை ஜன்னலிலிருந்து பின்சுவர் வரை ஒரே நேர்கோடு. டேப் பிடித்து அளந்தேன், பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. ஏர் ரைஃபிள் சுட வேண்டிய தூரம் அதுதான்.

அம்மா இருந்தவரை இது எனக்குத் தோன்றவேயில்லை. யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தால் குறுக்கே வந்துவிடுவார்கள். குறுக்கே வர ஆளில்லாத வீட்டில்தான் இந்த விளையாட்டு நடக்கும். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம், நானே படுவதில்லை. தனியாக இருப்பதற்குத்தான் வருத்தப்படுகிறேன். அது வேறு.

கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் சுட்டிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் ரைஃபிளை வாங்கிவந்தேன். எதிர்வீட்டு அம்மா வாயைப் பிளந்தார்.

"ஒத்தப் பொம்பள, திருடன் வந்தா சுடறதுக்கா?"

"இது அட்டையத்தான் ஓட்ட போடும்ங்க. திருடனுக்குச் சிரிப்புதான் வரும்."

நன்றாகச் சுடுவது என்றால் நடுவில் படுவது என்று நினைக்கிறார்கள். அதெல்லாம் பிறகு. முதலில் பத்துக் குண்டும் ஒரே இடத்தில் பட வேண்டும், அது எந்த மூலையானாலும் சரி. ஒரே இடத்தில் பட்டால் குறிக்கருவியைத் திருகி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பட்டால் திருகுவதற்கு ஒன்றுமேயில்லை. எனக்கு அப்படித்தான் பட்டது. பத்தில் நாலு எங்கேயோ போனது.

குற்றம் குண்டுகளில்தான் என்று முடிவு செய்தேன். ஒரே டப்பாவில் வருகிற ஈயக்குண்டுகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். எடை ஒன்றாக இருக்காது. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் எனக்கு வேலை. மில்லிகிராம் காட்டும் தராசு கையருகிலேயே இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் காற்று படக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிய, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன். கெமிஸ்ட்ரி மேடம் வந்து நின்று பார்ப்பார்.

"இன்னாங்க, ஈயத்த இப்டி எட போட்டுக்கினு இருக்கீங்க? நகக்கட வெக்கப் போறீங்களா?"

பிரித்த குண்டுகளை அம்மாவின் மாத்திரைப் பெட்டியில் போட்டேன். கிழமைக்கு ஒரு அறை, மொத்தம் ஏழு. லேசானது ஞாயிறில், கனமானது சனியில். ஒரு தடவைக்கு ஒரு கிழமையின் குண்டுகளை மட்டும்தான் சுடுவேன். இரண்டே மாதத்தில் பத்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. பூரித்துப்போனேன்.

அந்தச் சமயத்தில்தான் மஸ்கட்டிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, நாங்க மொத்தமா வந்துர்லாம்னு இருக்கோம். பசங்கள அங்கியே ஸ்கூல்ல சேத்துர்லாம். நீயும் தனியா இருந்துக்கினு இன்னா பண்ற? டிக்கெட் போட்டுட்டு ஒரு சனிக்கெழம சொல்றேன்."

முதலில் எரிச்சல்தான் வந்தது. நாலு பேர் வந்தால் நடைவழி போச்சு, ரைஃபிளைப் பரண்மேல் போட வேண்டியதுதான். அப்படி முணுமுணுத்துக்கொண்டே கடைவீதிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு இரண்டு மெத்தை வாங்கி, கூடத்தை ஒட்டிய அம்மா அறையில் சுருட்டி வைத்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு அட்டையிலும் ஒரு குண்டு தெறிக்க ஆரம்பித்தது. ஒன்பது ஒன்றாக இருக்கும், ஒன்று மட்டும் இரண்டு விரல் தள்ளிப் போயிருக்கும். மறுபடி எடை போட்டேன். குழலைத் துடைத்தேன். திருகுகளை முடுக்கினேன். வேறு டப்பா வாங்கினேன். அந்த ஒன்று தெறித்துக்கொண்டேதான் இருந்தது. சனிக்கிழமைகளும் வந்து வந்து போயின, தம்பி ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறு குண்டு சுட்டு முடித்திருந்தபோது கைப்பேசி அடித்தது.

"அக்கா, கோச்சுக்காத. பசங்க திண்டிவனம் வேணான்றாங்க. சென்னையில வீடு பாத்துட்டோம். லீவுக்கு லீவு வர்றோம், இன்னா?"

"அதுக்கென்னடா. பசங்க படிப்புதான் முக்கியம்," என்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

சுட்ட அட்டையைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினேன். மாத்திரைப் பெட்டியின் அதே அறையிலிருந்து பத்துக் குண்டுகளை எண்ணி எடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டேன். போய்ப் பார்த்தால் பத்தும் ஒரே ஓட்டை. சுண்டுவிரல் நுனிகூட நுழையாது. இவ்வளவு நெருக்கமாக நான் சுட்டதேயில்லை.

அட்டையைக் கையில் பிடித்தபடி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்தேன். குண்டின்மேல் குற்றமில்லை, குழலின்மேலும் இல்லை. இத்தனை வாரமும் மூச்சை அடக்கி விசையை அழுத்துகிற நேரத்தில் என் காது கைப்பேசியிடம் இருந்திருக்கிறது. பத்துத் தடவையில் ஒரு தடவையாவது அது அடிப்பதற்குள் சுட்டுவிட வேண்டுமென்று விரல் அவசரப்பட்டிருக்கிறது. இன்றைக்குக் காது எதையும் எதிர்பார்க்கவில்லை. அதனால் கை அசையவில்லை. அட்டையைக் காட்டலாமென்று எழுந்தேன். யாரிடம் காட்டுவது? அழுதேன். அதில் வெட்கமென்ன.

மறுநாள் அந்த இரண்டு மெத்தைகளையும் இழுத்துவந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில், குறிபார்க்கிற வழியை மறைத்துச் சரியாகக் குறுக்கே நிறுத்தினேன். இப்போது தண்ணீர் குடிக்கப் போனால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. தினமும் ஒரு தடவையாவது இடித்துக்கொள்கிறேன். இன்னும் எடுக்கவில்லை.