முழங்கால் இடிக்காத படகு

நான் ஆறடி இரண்டு அங்குலம். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நாற்பத்துமூன்று வயது வரை கடையில் கிடைத்த எதுவும் எனக்குச் சரியாக இருந்ததில்லை. செருப்பு ஆண்கள் பகுதியில்தான். டவுன் பஸ்ஸில் நின்றால் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். சுடிதாரைத் தைக்கக் கொடுத்தால் தையல்காரர் இரண்டாம் முறையும் டேப்பைப் பிடித்துப் பார்ப்பார். இதெல்லாம் எனக்குப் பழகிப்போன விஷயங்கள். கயாக் மட்டும் பழகவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்து ஆசிரியைகள் எல்லாரும் ஒருநாள் தூத்துக்குடிக்குப் போயிருந்தோம். கடற்கரையில் ஓரிடத்தில் கயாக் வாடகைக்கு விட்டார்கள். ஒருவர் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டைப் பலகை உள்ள ஒற்றைத் துடுப்பால் வலிக்கிற ஒல்லிப் படகு அது. மேற்புறம் மூடியிருக்கும். நடுவில் இருக்கிற வாய் வழியாகக் கால்களை உள்ளே விட்டு, இடுப்பு வரை இறங்கி உட்கார வேண்டும். என் தோழிகள் ஒவ்வொருவராக உட்கார்ந்து போய்வந்தார்கள். என் முறை வந்தபோது முழங்கால் உள்ளே நுழையவில்லை. பக்கவாட்டில் திரும்பி முயன்றேன், படுத்தவாறு முயன்றேன். கரையில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். கடைசியில் மேல்மூடி இல்லாத ஒரு பிளாஸ்டிக் படகைத் தந்தார்கள். குதிகால் இரண்டும் தண்ணீரில் தொங்க, அதில் பத்து நிமிடம் போனேன்.

அந்தப் பத்து நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. உட்கார்ந்திருக்கும்போது என் உயரம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. என் கை நீளம். துடுப்பை ஒருமுறை வலித்தால் மற்றவர்கள் இரண்டுமுறை வலித்த தூரம் படகு போனது. என் நீளத்தால் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் தேடினேன். கடலில் தூரம் போகக்கூடிய, மேல்மூடி உள்ள கயாக்தான் எனக்கு வேண்டும். லீவு நாளில் ராமநாதபுரம் கரையோரம் ஒரு படகில் எப்படியோ உள்ளே போய்விட்டேன். ஆனால் வெளியே வர முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். இரண்டு முழங்காலும் கன்றிப்போய் ஒரு வாரம் மாடிப்படி ஏற முடியாமல் வகுப்பெடுத்தேன். வெளியூர்க் கடைகளுக்குப் போன் போட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: "எல்லாருக்கும் பொருந்துற சைஸ் மேடம்."

என் கணவர் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். என்னைவிட ஆறு அங்குலம் குட்டை. அதைப் பற்றி அவருக்கு ஒருநாளும் கவலை இருந்ததில்லை. ஒரு சாயங்காலம் ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"ஏட்டி, எங்க கம்பெனியில ஒரு ஃபிட்டர் வீட்லயே படகு செஞ்சிருக்காராம். சீவலப்பேரிக்காரர். பதினெட்டு அடி நீளமாம்."

"மீன்பிடி வள்ளமா?"

"இல்லட்டி, நீ சொல்லுதல்லா, அந்தச் சாமான்தான். பிளைவுட்ல செஞ்சிருக்காரு. ஆனா அது சரியா வரலயாம். மாட்டுத் தொழுவுல கட்டித் தொங்கவிட்டிருக்காராம். யார் கேட்டாலும் காட்ட மாட்டாராம்."

"நமக்கு மட்டும் காட்டுவாராக்கும்?"

"ஸ்டோர்ல நட்டு போல்ட்டு வாங்க எங்கிட்டதான வரணும்?" என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் உடை மாற்றிக்கொண்டு இருவரும் ஸ்கூட்டரில் சீவலப்பேரிக்குப் போனோம். ஃபிட்டர் வாசலிலேயே நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். ஐந்தடி மூன்று அங்குலத்துக்கு மேல் இருக்காது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையை இறக்கிக்கொண்டார். எங்களை உள்ளே கூப்பிட்டவர் அவர் மனைவிதான்.

"வாங்க, வாங்க. அதப் பாக்கவா வந்திய? மாடு மழையில நிக்கு, அது நெழல்ல தொங்குது. எடுத்துட்டுப் போனியன்னா ஒங்களுக்குப் புண்ணியம்."

தொழுவத்தில் கூரைக்குக் கீழே இரண்டு கயிற்றில் அது தொங்கியது. மேலே சாக்கு போர்த்தியிருந்தது. ஃபிட்டர் சாக்கை இழுத்தார். தேன் நிறத்தில் மரம் மின்னியது. பலகைகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் நகம்கூட நுழையாது. முன்மூக்கு மெல்லக் கூர்ந்து மேலே எழும்பியிருந்தது.

"இதுலயா தப்பு இருக்கு?" என்றேன்.

"பாக்க நல்லாத்தான் இருக்கும் டீச்சர். தண்ணியில விட்டாத்தான் தெரியும்." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "இன்டர்நெட்ல வரைபடம் எடுத்து, ஒரு வருசம் ஒக்காந்து செஞ்சேன். பலகைய அறுத்து, செம்புக் கம்பியால தச்சு, பசை ஊத்தி, மேல ஃபைபர் துணி ஒட்டி. ஒவ்வொண்ணையும் மூணு தடவ அளந்தேன். ஆத்துல எறக்குன அன்னைக்கு ஊரே வந்து நின்னுச்சு. மூணு தடவ ஏறுனேன், மூணு தடவயும் என்னயக் கவுத்துட்டு. கால் எங்கயும் எட்டல. உள்ள அங்கனயும் இங்கனயும் உருளுதேன். அளவு எங்கயோ பெசகிட்டு."

கால் எட்டவில்லை என்று அவர் சொன்னதும் நான் படகின் வாயருகே போய் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, நான் ஒருதடவ ஒக்காந்து பாக்கட்டுமா?"

அவர் யோசித்தார். என் கணவர் அதற்குள் கயிற்றின் முடிச்சில் கை வைத்துவிட்டார். மூவரும் படகைப் பைய இறக்கி இரண்டு பழைய டயர்கள்மேல் வைத்தோம். நான் செருப்பைக் கழற்றினேன். பின்விளிம்பில் கை ஊன்றி, வலது காலை உள்ளே விட்டேன். போனது. இடது காலை விட்டேன். அதுவும் போனது. முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. இடுப்பை இறக்கினேன். இருபுறமும் பலகை என் இடுப்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது. முழங்கால்கள் மேல்தட்டின் அடியில் போய் ஒட்டிக்கொண்டன. முன்னால் கால் மிதிக்கிற கட்டை இருந்தது. அதில் என் பாதம் நிமிர்ந்து நின்றது. என் பாதத்துக்குப் பத்தாம் நம்பர் செருப்பு வேண்டும்.

கட்டையை இரண்டு காலாலும் மாறிமாறி மிதித்துப் பார்த்தேன். என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குல்லா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

"வரைபடம் இருக்கா அண்ணாச்சி?"

ஃபிட்டர் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கொண்டுவந்தார். படகுக்குள் இருந்தபடியே புரட்டினேன். பக்கம் பக்கமாக அளவுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் டிக். முதல் பக்கத்தில் மட்டும் ஒரு டிக்கும் இல்லை. அது முழுக்க ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஏதோ விவரம்.

"இத வாசிச்சியளா?"

"அதுல நம்பர் ஒண்ணும் பெருசா இல்லியே டீச்சர். பேச்சுதான் இருந்துச்சு. தள்ளிட்டேன்."

கீழிருந்து மூன்றாவது வரியை விரல் வைத்துத் தமிழில் சொன்னேன். "இந்தப் படகு ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற எடையும் உள்ளவர்களுக்காக வரையப்பட்டது. உயரம் குறைந்தவர்கள் வேறு வரைபடத்தைப் பார்க்கவும்."

அவர் தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ, நான் செஞ்சதுல தப்பில்லியா?"

"ஒரு மில்லிமீட்டர்கூட இல்ல. எனக்குன்னே செஞ்சாப்ல இருக்கு."

அவர் எழுந்து வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "இங்கன வா, வெரசா வா! டீச்சர் சொல்லுதாவ, படகுல தப்பில்லயாம்! ஆளுதான் மாறிப்போச்சாம்!"

அந்தச் சனிக்கிழமையே ஆற்றில் இறக்கினோம். செய்தி எப்படிப் பரவியதோ, படித்துறையில் முன்போலவே கூட்டம். ஃபிட்டர் யாரையும் பார்க்கவில்லை. நான் கவிழ்ந்தால் பிடிக்க இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டார். நான் ஏறி உட்கார்ந்தேன். படகு ஒருமுறை இடப்பக்கம் சாய்ந்தது. முழங்காலை மேல்தட்டில் அழுத்தினேன். உடனே நிமிர்ந்துவிட்டது. துடுப்பைப் போட்டேன். நாலு வலிப்பில் அவரைத் தாண்டிவிட்டேன். பத்து வலிப்பில் கூட்டத்தின் சத்தம் பின்னால் போய்விட்டது. சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேருகிற இடம் வரை போனேன். அங்கே இரண்டு தண்ணீரும் முட்டிச் சுழித்தன. படகு அதைப் பொருட்படுத்தவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது படித்துறையில் ஒருவர் ஃபிட்டரைப் பார்த்துக் கத்தியது தண்ணீர்மேல் தெளிவாகக் கேட்டது.

"வே, ஒம்ம படகு ஓடுதுவே!"

"ஓடாம?" என்றார் ஃபிட்டர், திரும்பாமலே.

விலை பேசவே இல்லை. "நீங்க எடுத்துக்கோங்க டீச்சர். பதிலுக்கு எனக்கு ஒரு ஒதவி செஞ்சு குடுங்க. அந்தக் கணக்க என் ஒயரத்துக்கு மாத்தித் தாங்க. பலகைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

எளிது என்றுதான் நினைத்தேன். எல்லா அளவையும் ஒரே விகிதத்தில் குறைத்தால் முடிந்தது என்று உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், படகு தாங்குகிற எடை கால்பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. ஆக, நீளத்தில் நிறைய, அகலத்தில் கொஞ்சம், வாயின் அளவு முழுக்க அவர் உடம்புக்கேற்ப என்று தனித்தனியாகப் போட வேண்டியிருந்தது. அவரை எங்கள் வீட்டுத் தரையில் காலை நீட்டி உட்காரவைத்து டேப்பால் அளந்தேன். பள்ளிக்கூடத்து சார்ட் அட்டையில் ஓரடிப் படகு ஒன்று செய்தேன். அவர் அதைக் கையில் எடுத்து, ஒரு கண்ணை மூடி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டீச்சர், இங்கன மேடா நிக்கே. வலது பக்கம்."

கணக்கைத் திரும்பப் பார்த்தேன். ஒரு வரியில் மூன்றை எட்டு என்று எழுதியிருந்தேன். என் மாணவிகளிடம் நான் மதிப்பெண் பிடுங்குகிற அதே தப்பு.

அவருடைய படகு நான்கு மாதத்தில் முடிந்தது. தொழுவத்தில் மாட்டுக்கு இடம் வராததில் அவர் மனைவிக்கு வருத்தம்தான். ஆனாலும் ஆற்றில் இறக்கியபோது குத்துவிளக்குக்குச் செய்வதுபோல முன்மூக்கில் பொட்டு வைத்தார். ஃபிட்டர் ஏறினார். கால் கட்டையில் ஊன்றியது. படகு நிமிர்ந்து நின்றது. அவர் மறுகரை வரை போய்த் திரும்பாமல், கீழே பாலம் தெரியும்வரை போய்க்கொண்டே இருந்தார். கூப்பிட்டுப் பார்த்தோம். கேட்கவில்லையா, கேட்டும் கேட்காதவராக இருந்தாரா தெரியாது.

ஆற்றில் பல வாரம் பழகினோம். வேண்டுமென்றே கவிழ்ந்து வெளியே வரவும், தண்ணீரில் இருந்தபடி ஒருவர் படகை மற்றவர் பிடித்துக்கொள்ள ஏறவும் கற்றோம். கோடை விடுமுறை தொடங்கியதும் கடலுக்குத் தயாரானோம். உவரியிலிருந்து மணப்பாடு வரை, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். கடலோரக் காவல் நிலையத்தில் போய்ச் சொன்னோம். கூடங்குளம் அணு உலைப் பக்கம் போகவே மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். உவரி மீனவர் ஒருவர் தன் ஃபைபர் வள்ளத்தில் துணைக்கு வரச் சம்மதித்தார். என் கணவர் அந்த வள்ளத்தில் தண்ணீர்க் குடத்தோடும் இட்லிப் பொட்டலத்தோடும் ஏறிக்கொண்டார்.

விடிகிற நேரம். கரையில் அலை என் நெஞ்சளவு உடைந்துகொண்டிருந்தது. மீனவர் என் படகின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவசரப்படாதீங்க டீச்சரம்மா. பெருசு வரட்டும், போகட்டும். நான் சொல்லும்போது வலிங்க. நிப்பாட்டிராதீங்க."

அலைகள் வந்தன, போயின. அவர் "போங்க!" என்று தள்ளினார். வலித்தேன். முதல் அலை முகத்தில் உடைந்தது. இரண்டாவது அலையில் முன்மூக்கு செங்குத்தாக ஏறி, அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது. மூன்றாவது உடைவதற்குள் தாண்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஃபிட்டர் உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே பின்னால் வந்தார்.

பெரியதாழை கோயில் கோபுரம் தெரியும்வரை கடல் அமைதியாகத்தான் இருந்தது. பிறகு பின்னாலிருந்து கச்சான் என்கிற மேற்குக் காற்று எழும்பியது. ஒவ்வொரு அலையும் என் படகை வாலில் தூக்கி முன்னால் எறிந்தது. முதலில் பயந்தேன். பிறகு புரிந்துகொண்டேன். தூக்கும்போது முழங்காலால் இறுக்கிப் பிடித்து ஒரு வலிப்பு, இறங்கும்போது ஓய்வு. படகு என் இடுப்பிலிருந்தே முளைத்தது போலச் சொன்னபடி கேட்டது. இப்படி ஓட ஓட எனக்குச் சத்தம் போட வேண்டும்போல் இருந்தது. போட்டேன். நாற்பத்துநாலு வயதில், நடுக்கடலில், தொண்டை கிழிய. பக்கத்தில் ஃபிட்டரும் கத்தினார். வள்ளத்தில் என் கணவர் மட்டும் கத்தவில்லை. அவர் பாவம், விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

மணப்பாட்டு மணல்மேடும் அதன்மேல் கோயிலும் தெரிந்தபோது வெயில் ஏறிவிட்டது. கடைசி அலையைப் பிடித்து நேராகக் கரையில் போய்ச் சொருகினேன். ஃபிட்டர் எனக்குப் பத்தடி தள்ளி வந்து ஏறினார். கால் மரத்துப்போய் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் வந்து கை கொடுத்தார்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். ஒரு பெரியவர் என் படகின் மேல்தட்டைத் தட்டிப் பார்த்தார். குனிந்து அடிப்பக்கத்தைத் தடவினார்.

"எந்த ஊர்ல வாங்குன படகு இது?"

ஃபிட்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "வாங்கல பெரியவரே. ரெண்டும் நான் செஞ்சது. சீவலப்பேரியில."

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பலகையை எப்படி வளைத்தாய் என்று கேட்டார். அவ்வளவுதான். ஃபிட்டர் இரண்டு படகையும் மணலில் கவிழ்த்துப்போட்டார். செம்புக் கம்பி போட்ட ஓட்டை ஒவ்வொன்றையும் விரலால் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு மணி நேரமாயிற்று. அவருக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, நானும் வள்ளத்திலிருந்து இறங்கி வந்த என் கணவரும் இட்லியைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்தோம்.