சைவ அடுப்பும் என் சாசேஜும்

மகள் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே பிரெட்சல் ரொட்டி செய்கிறேன் என்று எந்த நேரத்தில் ஒத்துக்கொண்டேனோ தெரியவில்லை. மாவைத் திரித்து முடிச்சுப் போட்டு, சமையல் சோடா போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்தாயிற்று. மீதி மாவைச் சிக்கன் சாசேஜ் மேல் சுற்றியும் வைத்துவிட்டேன். ஓவனில் வைக்கப் போன நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வீடு நிறைய அவள் தோழிகள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தட்டோடு ஸ்கூட்டியில் சங்கராபுரம் பேக்கரிக்குப் போனேன். அங்கே விறகு அடுப்பு. வாசலில் ‘சுத்த சைவம்’ என்று போர்டு. படித்தும் வாயைத் திறக்கவில்லை. சாசேஜ்தான் மாவுக்குள் மறைந்திருக்கிறதே.

"இன்னாக்கா, முறுக்கா?" என்று சிரித்தபடி பேக்கரிக்காரர் தட்டை அடுப்புப் பக்கம் கொண்டுபோனார். நான் எட்டித் தட்டைப் பிடித்தேன்.

"அண்ணா, நில்லுங்க. அதுல பாதியில கறி இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, கடையில் நின்றவர்கள் கண்ணில் படாமல் சாசேஜ் சுற்றியதையெல்லாம் பேப்பரில் மடித்துக் கொடுத்தார்.

"இத வூட்ல தோசைக்கல்லுல மூடி போட்டு சுட்டுக்கோங்க. மத்தத என் தட்டுல மாத்தி வெச்சுத் தரேன்."

தோசைக்கல்லில் சுட்ட சாசேஜ் ஒரு பக்கம் கருகியும் பிள்ளைகள் அதைத்தான் முதலில் தீர்த்தார்கள்.

சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. நான்தான் அவர் முகத்தில் விழிக்கக் கூசி, இன்றைக்கும் பன் வாங்க வேறு தெரு சுற்றிக்கொண்டிருப்பேன்.