இன்ஜின்களுக்கும் உயிர்வாழ் சான்று

என் கணவருக்கு மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியாது. நெற்றியிலேயே இருக்கும். ஆனால் இருபத்தேழாம் எண் இன்ஜின் எந்தப் பெட்டியில், எந்தப் பக்கம் முகம் வைத்துப் படுத்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். இன்ஜின் என்றால் நிஜ இன்ஜின் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற பொம்மை ரயில் இன்ஜின். பொம்மை என்று எழுதியது தெரிந்தால் இரண்டு நாள் பேச மாட்டார். மாடல் என்று சொல்ல வேண்டும்.

அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். வேலை முடிந்து நாங்கள் பிரான்சிலிருந்து புதுச்சேரி திரும்பியபோது, நான் ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்த கேக் அடுப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். பெட்டியில் இடமில்லையாம். இந்த ரெட்டியார்பாளையம் வீட்டில் வந்து பெட்டியைத் திறந்தால் நாற்பத்து மூன்று இன்ஜின்.

முன்பெல்லாம் அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதைப் பூச்சி அரித்துவிட்டது. மகள் விடுமுறைக்கு வந்தபோது அவருடைய போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். இன்ஜினுக்கு ஒரு பக்கம். எண், பெட்டி, வாங்கிய ஊர், படம். படம் என்றால் ஒன்று போதாது. இடப்பக்கம், வலப்பக்கம், முகம், அடிவயிறு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார். நானும் நாற்பது வருஷமாக இவரோடுதான் இருக்கிறேன். அதே போனில் என் படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதிலும் பாதி முகத்தை ஒரு சரக்கு வண்டி மறைத்துக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'உயிர்' என்று ஒரு கட்டம் உண்டு. அது மகள் வைத்ததில்லை, இவர் சேர்த்தது. பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை தூதரகத்துக்கு நேரில் போய், உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்டி, தாளில் முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். தன் சான்று முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்ஜின்களுக்கும் அதே சான்று. சாப்பாட்டு மேசை மேல் தண்டவாளம் போட்டுவிடுவார். ஒவ்வொன்றும் யார் கையும் படாமல் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். வந்தால் நான் போனில் டிக் போடுவேன். வராவிட்டால் அதன் பக்கத்தை அழித்துவிட வேண்டும், இன்ஜின் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். டப்பாவுக்குள் போனது எதுவும் வெளியே வந்ததில்லை.

"இன்னிக்கு நீதான் மேர்," என்பார். மேர் என்றால் மேயர், பிரான்சில் சான்று கொடுக்கிற பெரிய மனிதர். அன்று மேரும் சொல்தாவும் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்கள்.

ஒரு வருஷம் வளைவில் நின்றுபோன ஒன்றுக்குப் பாவம் பார்த்து டிக் போட்டுவிட்டேன். கண்டுபிடித்துவிட்டார். "பொய் சான்று குடுக்கிற மேர் ஜெயிலுக்குத்தான் போவணும்," என்று சொல்லி அவரே அழித்தார்.

இந்த வருஷம் அவர் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போய், வழுக்கி விழுந்து முட்டியைக் கெடுத்துக்கொண்டார். விழுந்தபோதும் வஞ்சிரத்தைக் கைவிடவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை. ஆனால் நடக்க முடியவில்லை. சான்று வாங்கப் போக, மாடி வீட்டுக்காரரிடம் சக்கர நாற்காலி இரவல் வாங்கினேன். வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"வாசல்ல என்ன எறக்கி வுட்டுடு. நானே நடந்து போறேன். உக்காந்துகினு போனா என்னா நெனைப்பாங்க?"

எழுந்தார். இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடிக்கு என் தோளைப் பிடித்தார், திரும்ப உட்கார்ந்தார். நான் தள்ளிக்கொண்டு போனேன். உள்ளே இருந்த பெண் அவர் முகத்தைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், முத்திரை குத்தினாள். வீடு வரும்வரை இவர் முத்திரைத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். வாய் ஓயாத மனிதர் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வழக்கத்துக்கு மாறாகக் கடைசி எண்ணிலிருந்து தொடங்கினார். காரணம் எனக்குத் தெரியும். முதல் எண் ஒரு சின்னப் பச்சை இன்ஜின். வாலிப வயதில், ஒரு முகமும் தெரியாத ஊரில் போய் இறங்கிய முதல் மாதம் வாங்கியது. பேச்சுத்துணைக்கு ஜன்னலோரம் அது மட்டும்தான் இருந்தது என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னார். போன வருஷமே அது திக்கித் திணறித்தான் சுற்றி வந்தது. அந்த வாரம் முழுக்க அதற்கு எண்ணெய் போடுவதும் சக்கரம் துடைப்பதுமாக இருந்தார். தன் முட்டிக்குத் தைலம் தேய்க்க மட்டும் மறந்துவிடும்.

பச்சை இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தார். விளக்கு எரிந்தது, சக்கரம் அசையவில்லை. நான் ஒரு விரலால் லேசாகத் தள்ளினேன். ஓடியது. பாதியில் நின்றது. மறுபடி தள்ளினேன், வந்து சேர்ந்தது.

"கை பட்டுடுச்சி. செல்லாது. அழிச்சிடு." என்னைப் பார்க்காமலே சொன்னார். பிஸ்கட் டப்பாவைத் திறந்தும் வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அழிக்க மாட்டேன்."

"சட்டம்னா சட்டம்தான்."

"செவ்வாக்கெழம உங்களுக்கு முத்திரை குத்துச்சே அந்தப் பொண்ணு, தனியா நடந்து வந்தீங்களான்னு கேட்டுச்சா? நான்தான தள்ளிக்கினு போனேன். உங்களையும் டப்பாவுல போட்டுடட்டுமா?"

அவர் கையில் இருந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று எனக்கே பயம் வந்தது. கடைசியில் கையை நீட்டி, "போனக் குடு," என்றார். ஒற்றை விரலால் வெகுநேரம் என்னமோ தட்டினார். பிறகு டப்பாவை மூடினார்.

"கொழம்ப சூடு பண்ணு. பசிக்குது."

மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் போனை எடுத்துப் பார்த்தேன். பச்சை இன்ஜினுக்கு டிக் போட்டிருந்தார். அதன் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "தள்ள ஆள் உண்டு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் நாற்பது வருஷத்துக்குப் பிறகும் நான் வெறும் ஆளாம். அந்த வார்த்தையை மட்டும் அழித்து 'மேர்' என்று எழுதிவிட்டு, போனை அவர் தலைமாட்டில் வைத்தேன்.