பிள்ளைக்கு எடை பார்க்கும் நாள்

மலாயாவில், எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் பெண்களுக்கு இரண்டே நோய்கள்தான் அனுமதி. ஒன்று காய்ச்சல், இன்னொன்று வயிற்றுவலி. வேறு எது வந்தாலும் அதற்குப் பேய் என்று பெயர். ஆண்களுக்கு அப்படியில்லை. பக்கத்து வீட்டு பயர்மேன், ரயில் இஞ்சினுக்குக் கரி தள்ளுபவர், தன் இஞ்சினில் ஓர் ஆள் அடிபட்டதைப் பார்த்துவிட்டு வந்து, வாசற்படியில் உட்கார்ந்து வாரக்கணக்கில் அழுதார். அதற்கு அதிர்ச்சி என்று பெயர். வீட்டுக்கு வீடு கஞ்சி போயிற்று. லேசான வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். நானும் ஒரு கிண்ணம் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறு வருஷம் அதே அழுகை எனக்கு வந்தது. மகன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உலை வைத்தால் அழுகை, தலைவார உட்கார்ந்தால் அழுகை. பிள்ளை வீறிட்டாலும் தூக்கக் கை எழாது. யாரோ கொடுத்துவைத்துவிட்டுப் போன பிள்ளை மாதிரி அவனைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். எனக்கு ரசம் வரவில்லை. எங்கள் வீட்டு ஜன்னல்கள்தான் சாத்தப்பட்டன.

வீட்டை நடத்தியது என் நாத்தனார், கணவரின் அக்கா. அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். காப்பார் பக்க ரப்பர் தோட்டமொன்றில் புருஷனையும் கைக்குழந்தையையும் ஒரே மழைக்காலத்தில் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவர். கெட்டவர் இல்லை, வாய்தான் நீளம். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுக் காலையும் மாலையும் தேய்ப்பார். மனசு சரியில்லாத நாளில் மத்தியானமும் தேய்ப்பார். கேட்டவர்களுக்கெல்லாம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவைத்தார். மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடமும் என் கணவர் அதையே சொன்னார். காய்ச்சல் என்றால் மலாயாவில் மருந்து ஒன்றுதான். மலேரியாவுக்கான கொய்னா வந்தது. கசக்கக் கசக்கக் குடித்தேன்.

கொஞ்ச நாளில் காதுக்குள் ஒரே இரைச்சல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அண்ணி, காதுல யாரோ சலங்கை கட்டி நடக்குற மாதிரி இருக்கு" என்றேன். போதாதா? அண்ணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்கே முடிவாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை கிள்ளானில் ஒரு பூசாரியிடம் கொண்டுபோய்ப் பேயோட்டுவது. அதற்கும் தெளியாவிட்டால் துறைமுகத்தில் நாகப்பட்டினம் கப்பலேற்றிவிடுவது. என்னை மட்டும். பிள்ளை இங்கேதான்.

எதுவும் உறைக்காமல் கிடந்த எனக்கு அது மட்டும் உறைத்தது. தூக்க முடியாத பிள்ளைதான், ஆனாலும் அவனை விட்டுவிட்டுப் போக முடியாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

பிள்ளையும் இளைத்துக்கொண்டே வந்தான். பச்சைப் பிள்ளைகளை எடை பார்க்கும் இடம் ஒன்று பக்கத்தில் திறந்திருந்தார்கள். பிள்ளையைத் தராசில் போட்டால் கண்பட்டுப் போகும் என்பது அண்ணியின் கட்சி. கணவர் முதல்முறையாக அக்காவிடம் குரலை உயர்த்தினார். வியாழக்கிழமை புறப்பட்டோம். அண்ணி பிள்ளையின் கன்னத்தில் மை வைத்தார். பொட்டா அது? பாதிக் கன்னத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. எனக்குக் காவலாகக் கூடவும் வந்தார்.

அங்கே இருந்த மிஸி, நர்ஸை அப்படித்தான் சொல்வோம், யாழ்ப்பாணத்துக்காரி. வெள்ளை உடுப்பு, சிரிக்காத முகம். பிள்ளையைப் பார்க்கும் முன் என்னைப் பார்த்தாள்.

"உமக்கு என்ன செய்யுது, பிள்ளை?"

"காய்ச்சல்" என்றார் அண்ணி.

மிஸி என் நெற்றியில் கை வைத்தாள். பிள்ளையை அண்ணி கையில் கொடுத்து, தராசு இருக்கும் அறைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். "உடம்பு குளிர்ந்து கிடக்கு. இப்ப சொல்லும், என்ன செய்யுது?"

வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகை, எழாத கை, சலங்கை, கப்பல்.

"காது இரையிறது கொய்னாவால. நிப்பாட்டினா நிண்டு போகும். மற்றது, பிள்ளை பெத்த கனபேருக்கு வாறதுதான். பேயுமில்லை, உம்மட பிழையுமில்லை. லேடி டாக்டரும் பாக்கட்டும். சுகமாகும்."

பேய் இல்லை என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அவள் காலில் விழாத குறை.

அண்ணியிடம் அவள் அதிகம் பேசவில்லை. "பிள்ளை எடை காணாது, குறைவு. வாராவாரம் தாயே கொண்டு வரவேணும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒரு இடமும் போகக் கூடாது" என்றாள். வெள்ளைக்கார டாக்டரின் உத்தரவுபோல அண்ணி கேட்டுக்கொண்டார். கிள்ளான் தள்ளிப்போயிற்று.

கொய்னாவை நிறுத்திய சில நாளில் சலங்கையும் நின்றது. அண்ணி என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். அழுகை அத்தனை சீக்கிரம் போகவில்லை. ஆனால் வாராவாரம் பிள்ளை தராசில் கிடக்கும் நேரத்தில் நான் பேசினேன், மிஸி கேட்டாள். ஒரு நாள் காலை அண்ணி வைத்த மையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையும் என்னைப் பார்த்துச் சிரித்தான். தூக்கிக்கொண்டேன். கை தானாகவே எழுந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மிஸி கதவைச் சாத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்கிறாள் என்று லைனில் விஷயம் பரவியது. ஆனால் யாரும் ஏசவில்லை. கொழுகொழுவென்ற பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் ஒவ்வொருவராக, "நானும் எடை பாக்க வரவா?" என்று கேட்டார்கள். எங்கள் லைன் பிள்ளைகளைப் போல எடை பார்க்கப்பட்ட பிள்ளைகள் மலாயாவிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

மகனுக்கு மூன்று வயதானபோது நான் அங்கே போவதை நிறுத்தி வெகு காலம் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் அண்ணி குடம் தேய்த்துக்கொண்டிருந்தார். பாதியில் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனவர் வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வா, புள்ளைக்கு எடை பாத்துட்டு வந்துரலாம்."

மகன் வாசலில் தகரடப்பாவை உதைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். "இவனுக்கு இனிமே என்ன எடை, அண்ணி?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அந்த மிஸி இன்னும் அங்கதான் இருக்கா?" என்று கேட்டார். "எனக்கு இருக்குறதும் காய்ச்சல் இல்ல, புள்ள. எம்புள்ள போன நாள்லேர்ந்து இருக்கு."

நான் அடுப்பை அணைத்தேன். மகனைப் பிடித்து முகம் துடைத்து இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டேன். கனத்தான். அண்ணி மைச்சிமிழை எடுத்து, அவன் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டு முன்னால் நடந்தார்.