மூன்று வெற்றிலைத் தூரம்

"எறக்குங்கண்ணே" என்று நர்சம்மா கை நீட்டித் தடுத்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. டோலிக் கம்பு அப்போதுதான் எங்கள் தோளுக்கு ஏறியிருந்தது. போர்வைக்குள் தலைப்பிரசவ வலியில் ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், அந்த மழைக்காலத்தில் கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். மழை ரோட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஆம்புலன்ஸ் மலைக்குக் கிழக்கே வந்து நிற்கலாம், இல்லையென்றால் மேற்கே. எந்தப் பக்கம் வருவது என்று டிரைவர் போனில் கேட்டார். தவறாகச் சொல்லிவிட்டால் மலையைச் சுற்றிக்கொண்டு வர அவருக்கும் நேரமில்லை, அந்தப் பெண்ணுக்கும் நேரமில்லை.

கிழக்குத் தடம் ஆடு மேய்க்கும் பெரியவருக்குப் பழக்கம். "மூணு வெத்தில போடறதுக்குள்ள போயிடலாம்" என்றார். மேற்குத் தடம் என்னோடு மூட்டை தூக்குகிற கூட்டாளிக்குப் பழக்கம். "நாலு எடத்துல சொமைய எறக்கி வெக்கணும்" என்றான்.

"மூணு கம்மியா, நாலு கம்மியா? இதுல இன்னா யோசனை? அவ துடிச்சிக்கினு கீறா" என்று கத்தினான் புருஷன்காரன். எங்களுக்கும் அதுதான் சரியென்று பட்டது. கிழக்கே பார்த்துத் தூக்கிவிட்டோம். அப்போதுதான் நர்சம்மா தடுத்தார்.

"தாத்தா, இங்கருந்து மாரியம்மன் கோயிலுக்கு எத்தினி வெத்தில?"

"ஒண்ணு. அதுகூடத் தெரியாதா ஒனக்கு?"

நர்சம்மா என் கூட்டாளியிடம் திரும்பினார். "மூட்டையோட அதே கோயிலுக்குப் போனா எத்தினி வாட்டி எறக்குவீங்கண்ணே?"

"ரெண்டு வாட்டி. இப்ப சாமி கும்புடப் போறமா நர்சம்மா?"

"அப்புறம் கும்புட்டுக்கலாம். கிழக்க போனா மூணு கோயில் தூரம். மேக்க ரெண்டே கோயில் தூரம். வண்டிய மேக்க வரச் சொல்லுங்க."

வெற்றிலையையும் மூட்டையையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. பெரியவர், கூட்டாளி இருவரும் நடந்து பழகிய ஒரு பாதையைத்தான் நர்சம்மா கேட்டார். உடனே இரண்டு கணக்கும் ஒரே கோலில் அளந்ததுபோல் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

வழுக்கி வழுக்கி மேற்கே இறங்கினோம். வண்டி காத்திருந்தது. ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே குழந்தை பிறந்தது. அழவில்லை. உடம்பெல்லாம் நீலம். நர்சம்மா வண்டியிலிருந்த ஆக்சிஜனை அதன் மூக்கருகே பிடித்துக்கொண்டு முதுகைத் தேய்த்தபடியே இருந்தார். நாங்கள் கதவுக்கு வெளியே மூச்சுவிடாமல் நின்றோம்.

பிறகு அழுதது. புருஷன்காரன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நான் மலையைத் திரும்பிப் பார்த்தேன். கிழக்கே போயிருந்தால் அந்நேரம் நடுக்காட்டில் இருந்திருப்போம்.