சாராள் டீச்சரின் முந்நூற்று எழுபது மாதங்கள்

மேற்குத் தாம்பரத்துப் பள்ளி ஒன்றில் இருபது வருடமாகக் கணக்கு நடத்துகிற சாராள் டீச்சர், ஓர் எண்ணைப் பார்த்து மயங்கி விழப் போனார் என்றால் அவரிடம் படித்தவர்கள் நம்ப மாட்டார்கள். விழவில்லைதான். வங்கி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கும் அந்தக் கைப்பிடியில் நான்கு விரல் பள்ளம் இருப்பதாகக் கேள்வி.

அது 2024 பிப்ரவரி. வருமான வரிக்காக வீட்டுக் கடன் வட்டிச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லியிருந்தது பள்ளி அலுவலகம். அரை நாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போனார். கடன் பிரிவில் இருந்த மாளவிகா என்ற இளம் அதிகாரி சான்றிதழோடு இன்னொரு தாளையும் சேர்த்துக் கொடுத்தாள். அதன் அடியில் ‘மீதமுள்ள தவணைகள்: 370’ என்றிருந்தது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். முந்நூற்று எழுபது அப்படியே இருந்தது.

“இது வேற யாரோடதோ மாறி வந்திருக்கும்மா. நான் வாங்குனதே இருநூத்தி நாப்பது மாசத்துக்கு. முப்பது மாசம் கட்டியாச்சு. பாக்கி இருநூத்திப் பத்து.”

“உங்களோடதுதான் மேம். நீங்க எடுத்தப்ப வட்டி ஆறே முக்கால் சொச்சம். இப்ப ஒம்பது. இ.எம்.ஐ. ஏறல, அதனால மாசம் ஏறிடுச்சு.”

“என்னைக் கேக்காமலா?”

“கேட்டோம் மேம். அஞ்சு வாட்டி மெசேஜ் அனுப்பியிருக்கோம். தவணைய ஏத்தவா, காலத்த ஏத்தவான்னு. நீங்க பதிலே போடல.”

பதில் ஏன் போடவில்லை என்று டீச்சருக்குத் தெரியும். இணைய மோசடியில் யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்று பள்ளியில் ஒரு குழு போட்டு, அதற்குச் சாராள் டீச்சரைப் பொறுப்பாளராக்கியிருந்தார்கள். ‘வட்டி மாறிவிட்டது, இங்கே தொடுங்கள்’ என்று வந்த முதல் செய்தியைப் பார்த்ததுமே அழித்தார். இரண்டாவதைப் புகார் செய்தார். மூன்றாவதையும் நான்காவதையும் திறக்கவே இல்லை. ஐந்தாவதை மட்டும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எண்ணூறு பிள்ளைகள் முன்னால் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டி, “களவாணிங்க எவ்வளவு மரியாதையா எழுதறாங்க பாருங்க” என்று விளக்கியிருந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“கால்குலேட்டர் தரட்டுமா மேம்?”

“வேண்டாம்மா. நான் மேத்ஸ் டீச்சர்.”

மாளவிகா எடுத்த கால்குலேட்டரைச் சத்தமில்லாமல் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, கணினித் திரையின் மூலையில் எதையோ தேடுகிறவளைப் போல வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கத்துக்குப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோதுதான் அடுத்த அதிர்ச்சி. மாதம் கட்டுகிற இருபத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தில் இருபத்தோராயிரத்துச் சொச்சம் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது ஆயிரத்து நானூற்று ஐம்பது. அந்தப் பணத்துக்கு மேடவாக்கத்தில் ஒரு தண்ணி லாரிகூட உள்ளே திரும்பாது. கடன் முடியும்போது தனக்கு எழுபத்தாறு வயது என்பதைக் கேம்ப் ரோடு சிக்னலில் கண்டுபிடித்தார். இறங்க வேண்டிய நிறுத்தம் போய், அதற்கடுத்ததும் போய், கண்டக்டர் வந்து எழுப்புகிற மாதிரித் தோளைத் தட்டினார். டீச்சர் தூங்கவில்லை. கண் திறந்தேதான் இருந்தது.

வீட்டில் ஜெபசீலன் இருந்தார். நாவலூரில் ஐ.டி. கம்பெனிகளுக்குக் கார் அனுப்புகிற டிராவல்ஸில் சூப்பர்வைசர், டீச்சரின் கணவர். தாளை வாங்கிப் பார்த்தவர் அதைத் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தார்.

“கட்டக் கட்ட வளருதே, சாராள்.”

“டெபாசிட்ல இருக்கிற ஒம்பது லட்சத்தையும் எடுத்துக் கட்டிடறேங்க. நாளைக்கே.”

“தொடாதே.”

“எழுபத்தாறு வயசுங்க எனக்கு, இது முடியறப்ப.”

“லாக்டவுன்ல ஆறு மாசம் எனக்குச் சம்பளம் வரல. ஒரு வண்டிகூட ஓடல. அப்ப சோறு போட்டது அந்த டெபாசிட்டுதான். பேங்க் வந்து போட்டுச்சா? ஜூன்ல பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் வேற. எல்லாத்தையும் அவன்கிட்ட குடுத்துட்டு, அவன் வாசல்லயே போய் நிப்பியா?”

அவர் சொன்னதில் தப்பில்லை. டீச்சர் சொன்னதிலும் இல்லை. பிளஸ் டூ படிக்கிற மகள் ஜோவிதா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, “எழுபத்தாறு வயசுலயும் நீ டியூஷன் எடுப்பியாம்மா?” என்று கேட்டாள். யாரும் சிரிக்காததால் தலை மறுபடி புத்தகத்துக்குள் போய்விட்டது.

டீச்சர் பேனாவை எடுத்தார். ஒன்பது லட்சத்தையும் கட்டி, தவணையை மாற்றாமல் விட்டால் 370 மாதம் 138 ஆகிறது. சும்மா பார்ப்போமே என்று நான்கு லட்சம் மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்று போட்டார். 220 என்று வந்தது.

தப்பு என்று அடித்துவிட்டு மறுபடி போட்டார். 220. மூன்றாவது தடவை மகளைப் போடச் சொன்னார்.

“இருநூத்தி இருபதும்மா. ஏன், என்ன ஆச்சு?”

“முதல் நாலு லட்சம் நூத்தம்பது மாசத்த முழுங்குது. அடுத்து வர்ற அஞ்சு லட்சம் எம்பத்திரண்டத்தான் முழுங்குது.”

“எப்படி?” என்றார் ஜெபசீலன். டீச்சர் விளக்கினார். நான்கு லட்சம் குறைந்தால் மாத வட்டி மூவாயிரம் குறைகிறது. தவணை அதே இருபத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். அப்போது அசலில் கழிவது ஆயிரத்து நானூற்று ஐம்பது அல்ல, நாலாயிரத்து நானூற்று ஐம்பது. மூன்று மடங்கு. ஜெபசீலன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இருபது வருடம் குடித்தனம் செய்தும் மனைவி பாடம் நடத்தி அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

“அப்ப அஞ்சு லட்சம்?”

“அப்படியே இருக்கட்டும். அதைத் தொடல.”

சனிக்கிழமை காலை முதல் ஆளாக வங்கியில் நின்றார். மாளவிகா நீட்டிய படிவத்தில் இரண்டு கட்டங்கள்: தவணையைக் குறைக்க, காலத்தைக் குறைக்க. முதல் கட்டத்தில் முன்கூட்டியே டிக் அடித்திருந்தது.

“எல்லாரும் அதான் கேப்பாங்க மேம். மாசம் கட்டறது கம்மியாகும்ல.”

“அது கம்மியானா நான் குடுக்கிற நாலு லட்சத்துக்கு அர்த்தமே இல்லம்மா.” டீச்சர் அந்த டிக்கை அடித்துவிட்டு, இரண்டாவதில் பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி டிக் போட்டார்.

ரசீது வந்தது. “இருநூத்தி இருபது. சூப்பர் மேம்,” என்றாள் மாளவிகா.

டீச்சர் அந்த எண்ணைப் பார்த்தார். போன வாரம் இதே கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, தனக்கு மிச்சம் இருநூற்றுப் பத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். நான்கு லட்சம் கொடுத்தும் அந்த இடத்துக்குப் பத்து மாதம் பின்னால் நிற்கிறார். கைப்பிடியை மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது.

வெளியே வந்து கணவருக்கு போன் போட்டார்.

“கட்டிட்டேங்க.”

“அப்பாடா. முடிஞ்சுது.”

“முடியல. முடியறப்ப எனக்கு அறுபத்து மூணு. அறுபதுல ரிட்டயர்மெண்ட்.”

“அதுக்கு?”

“மாசம் ரெண்டாயிரம் கூடக் கட்டினா நூத்தி எம்பத்தோரு மாசந்தான். ரிட்டயர் ஆகற வருஷமே முடிஞ்சுடும். எழுதிக் குடுத்துட்டேன்.”

“ரெண்டாயிரமா? எதுலருந்து?”

“ஞாயித்துக்கிழமை மட்டன்லருந்து.”

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

“சாராள்,” என்று மெல்லக் குரல் வந்தது. “நாலு ஞாயிறுமா?”